உதட்டில் வைத்த விரல்

இந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் பேச அனுமதி கேட்கிறவர்கள் கையைத் தூக்குவதில்லை. சுட்டுவிரலை மட்டும் நிமிர்த்துகிறார்கள். பிள்ளைகள் மட்டுமல்ல, பெற்றோர் கூட்டத்துக்கு வரும் கோட்டு போட்ட அப்பாக்களும் அப்படித்தான். பாரிசுக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் ஊரில் முதல் கூட்டத்துக்குப் போனபோது, இத்தனை பெரிய மனிதர்களுக்கு ஒரே நேரத்தில் ஒன்றுக்கு வந்துவிட்டதா என்றுதான் நினைத்தேன். சிரிப்பு வந்தது. அடக்குவதற்காக என் விரலை உதட்டில் வைத்துக்கொண்டேன்.

அந்த விரலுக்கு உதடு பழகிய இடம். திண்டிவனத்தில் நான் படித்த பள்ளியில், டீச்சர் வெளியே போகும்போதெல்லாம் "வாய் மேல விரல் வை" என்பார். இடது கையைக் கட்டி, வலது விரலை உதட்டில் ஒட்டிக்கொண்டு உட்காருவோம். கிளாஸ் லீடர் சாக்பீஸோடு கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று, பேசினவர்கள் பெயரை எழுதுவாள். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி. என் பெயர் ஒரு நாளும் பலகையில் ஏறியதில்லை. அதைப் பெருமையாக வீட்டில் சொல்வேன். எட்டாவதோடு நின்றபோதும் நான் அப்படித்தான் இருந்தேன். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, வயலில் மல்லாட்டைக் கடலை பிடுங்க ஆள் வேண்டும், போனேன். படிக்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை. படிக்கணும் என்று நானும் சொல்லவில்லை. பிறகு விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடித்தேன். புதுச்சேரி மாப்பிள்ளை அமைந்தார், அவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது, இங்கே வந்து சேர்ந்தேன்.

போன வருஷம் என் மகள் ரெஜினாவை அவள் வகுப்பார் ஓட்டுப் போட்டு 'டெலெகே'வாகத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மகள் கிளாஸ் லீடர்!

"எத்தினி பேரை போர்டுல எழுதினே?" என்று கேட்டேன்.

"எந்தப் பேரு?"

"பேசினவங்க பேருதான்."

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "அம்மா, பேசறதுக்குத்தான் என்னைத் தேர்ந்தெடுத்திருக்காங்க."

டெலெகே வேலை அதுதான். வகுப்பில் இருக்கிறவர்களுக்கு என்ன குறை என்று ஒவ்வொருவராகக் கேட்டு, ஆசிரியர்கள் கூடும் 'கொன்செய்' என்ற கூட்டத்தில் அவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். கூச்சக்காரப் பிள்ளையிடம் முதலில் கேட்பது, சொந்த எண்ணத்தைக் கலக்காமல் சொல்வது என்று அதற்குப் பயிற்சியே உண்டு. டிசம்பர் கூட்டத்தில் ரெஜினா சொன்னது இது: கணக்கு ஆசிரியை பரீட்சைத் தாளைத் திருத்தித் தர நாளாகிறது, எங்கே தப்பு என்று தெரிவதற்குள் அடுத்த பரீட்சை வந்துவிடுகிறது.

கேட்டதும் பயந்துவிட்டேன். நான் எப்போதுமே அப்படி. தபால்காரர் மணி அடித்தாலே நாட்டை விட்டு அனுப்பப் போகிறார்களோ என்று பயப்படுகிறவள். உடனே திண்டிவனத்துக்கு, என் அண்ணிக்குப் போன் போட்டேன்.

"யம்மா! வாத்தியாருங்க நடுவுல குந்திக்கினு வாத்தியார் மேலயே கம்ப்ளைன்ட்டா?" என்றார் அண்ணி. "டி.சி. கிழிச்சுக் கையில குடுத்துடப் போறாங்க. ஜல்தியா போய் மன்னிப்பு கேட்டுக்கினு வா."

மறுநாள் கேசரி கிளறி, டப்பாவில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். கணக்கு ஆசிரியை இளம்பெண். டப்பாவை நீட்டியதும், இன்று ரெஜினாவின் பிறந்தநாளா என்று கேட்டார். இல்லை என்றேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "என் மகள் பேசியது நல்லதில்லை, பார்தோன், மதாம், பார்தோன்" என்று திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டேன். அவர் முகம் குழம்பியது. என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ ஆறுதல் சொன்னார். சரி, மன்னித்துவிட்டார் என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

அவருக்குப் புரிந்தது வேறு. வகுப்பார் சொல்லாததை ரெஜினா தானாகச் சொல்லிவிட்டாள் போல, அதற்குத்தான் அம்மா வந்து கெஞ்சுகிறாள் என்று நினைத்துவிட்டார். மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் அன்பாகத்தான் கேட்டாராம்: உன் அம்மா வந்து மன்னிப்பு கேட்டாரே, அது வகுப்பின் குறையா, உன் குறையா? பிள்ளைகள் ரெஜினாவைப் பார்த்தார்கள். எங்களுக்காகப் பேசிவிட்டு, பின்வாசல் வழியாக அம்மாவை அனுப்பி மன்னிப்பும் கேட்டாயா என்று அவள் தோழியே கேட்டிருக்கிறாள்.

ரெஜினா சத்தம் போடவில்லை. கழுவிய கேசரி டப்பாவை ஆசிரியை அவளிடமே கொடுத்து அனுப்பியிருந்தார். அதை மேசையில் வைத்துவிட்டு, "இனிமே நான் டெலெகேவுக்கு நிக்கல" என்றாள். அவ்வளவுதான். இத்தனை வருஷம் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் மட்டும் போன பள்ளிக்கூடத்துக்கு, மகளின் வாயில் விரல் வைப்பதற்காகவே நானாகப் போய்வந்திருக்கிறேன். அந்த டப்பாவை இன்றுவரை என்னால் திறக்க முடியவில்லை.

ஆகஸ்டில் ஊருக்குப் போனோம். அண்ணி இப்போது மாதா கோயிலுக்குப் பின்னாலிருக்கும் கூடத்தில் தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்கால வகுப்பு நடத்துகிறார். "ஃபாரின் வெளாட்டு எதனா சொல்லிக் குடேன் கண்ணு" என்று, நாங்கள் கிளம்ப ஒரு நாள் இருக்கும்போது ரெஜினாவை அழைத்தார். அவள் பிள்ளைகளை நாலு நாலு பேராகப் பிரித்தாள். குழுவுக்கு ஒரு தலைவர், தினம் ஒருவர். இந்த வகுப்பில் எதை மாற்றலாம் என்று தலைவர் மற்றவர்களிடம் கேட்டுச் சொல்ல வேண்டும். எப்படி அனுமதி கேட்பது என்று காட்ட அவள் விரலை நிமிர்த்தினாள்.

"டேய், அக்காவுக்கு அர்ஜென்ட்டுடா!" என்று ஒரு பையன் கத்த, கூடமே சிரித்தது. ரெஜினாவும் சிரித்தாள். டிசம்பருக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு நித்யா என்ற சின்னப் பெண் விரலை நிமிர்த்தினாள். "எங்க குரூப்புல எல்லாரும் சொன்னாங்க டீச்சர். கதைப் புக்கு எல்லாம் பீரோலயே பூட்டிக் கெடக்குது. யாராச்சும் பார்க்க வந்தா மட்டும் எடுத்து வெக்கிறீங்க."

யாரும் சொல்லாமலே பாதிப் பிள்ளைகளின் விரல் உதட்டுக்குப் போனது.

அண்ணி என் பக்கம் திரும்பினார். "இன்னா நாத்தனாரே, உன் பொண்ணு கிளாஸுக்கு வந்த ஒரே நாள்ல எங்க பசங்களுக்கு வாய் நீண்டுடுச்சு பார்த்தியா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார், கண் சிரிக்கவில்லை. ரெஜினா என்னையே பார்த்தாள். அந்தப் பெண் சொன்னது சரி என்று ஒரு வார்த்தை போதும். என் வாயிலிருந்து வந்தது வேறு: "சின்னப் பிள்ளைதானே அண்ணி, மன்னிச்சுடுங்க."

மறுபடியும் பார்தோன். இந்த முறை தமிழில்.

ரெஜினா எழுந்து நின்றாள். "அத்தை, நித்யா தப்பா எதுவும் சொல்லல. அவ குரூப் சொன்னதைத்தான் சொன்னா." அண்ணி பீரோவைத் திரும்பிப் பார்த்தார். "சாவி வீட்ல இருக்குது. நாளைக்குப் பார்க்கலாம்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் விமானத்துக்குக் கிளம்பினோம். கார் கோயில் பக்கம் திரும்பும்போது ரெஜினா, என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "அக்டோபர்ல நான் மறுபடி நிக்கப் போறேன். நீ மட்டும் ஸ்கூலுக்கு வந்துடாதம்மா."

"வரல" என்றேன்.

கூடத்தின் படியில் நித்யா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கதைப் புத்தகம், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது. காரைப் பார்த்ததும் விரலை நிமிர்த்தினாள். ரெஜினா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, அவளும் நிமிர்த்தினாள். என் விரல் எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் உணர்ந்தேன்: உதட்டில். எடுத்துத் தூக்கப் போனேன். என் பக்கத்துக் கண்ணாடி ஏற்றியிருந்தது. விரல் அதில் முட்டி நின்றது. கார் சென்னை சாலையில் ஏறும்வரை அங்கேயே இருந்தது.