படத்தில் பச்சை, கரையில் முள்

பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் அதிகம். சென்ற மே மாதம் நான் போனது ஒரு பச்சை நிறத்தைச் சரிபார்க்க. ஏரிக்கரையின் வறண்ட மேடு ஒன்றில் ஒரு தொண்டு நிறுவனம் மூன்று வருடம் முன்பு பூவரசும் புங்கனும் நட்டிருந்தது. செயற்கைக்கோள் படங்களை வருடவாரியாக ஒப்பிட்டதில் மேடு முழுக்கப் பச்சையாகியிருந்தது. நேரில் பார்த்து அந்த நிறுவனத்துக்கு எழுதித் தருவது என் வேலை.

சென்ட்ரலில் காலை மின்சார ரயில். பொன்னேரிக்குப் பத்து ரூபாய். அங்கிருந்து பழவேற்காடு ஏறக்குறைய பதினெட்டு கிலோமீட்டர். பேருந்து உண்டு, வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள். பிறகு ஆட்டோ. "அந்தாண்ட முள்ளு கீது மேடம், டயர் பூடும்" என்று ஓட்டுநர் பாதியிலேயே இறக்கிவிட்டார்.

மேட்டில் தேசம்மா காத்திருந்தார். மீனவக் குடும்பம், கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற நிறுவனம் அமர்த்தியிருந்தவர். எங்கும் சீமைக் கருவேலம். நடுநடுவே மூங்கில் கூண்டுகள், உள்ளே காய்ந்த குச்சிகள். இலை இருந்தால் படத்தில் பச்சை விழும். எந்த மரத்து இலை என்று செயற்கைக்கோள் கணக்கு பார்ப்பதில்லை.

"எப்பக்கா காஞ்சது?"

"தண்ணி வண்டிய நிறுத்துனாங்களே, அப்பாலதான். படத்துல நல்லா வளந்துட்ச்சாம், தண்ணி வேணாம்னு சொல்லிட்டாங்க. வந்து யாரு பாத்தா? பொம்பளைங்க மீன் பிரிக்க நெழல் வரும்னு எங்க நைனாகூட கொடம் தூக்குனாரு."

தேடியதில் நான்கு பூவரசு உயிரோடு இருந்தன. அங்கிருந்தே நிறுவனத்தின் மேலாளரை அழைத்தேன்.

"நாலு பொழைக்கும் சார். தண்ணி வண்டி அனுப்புங்க."

"பச்சை ஏறியிருக்கா, இல்லையா?"

"ஏறியிருக்கு. ஆனா எல்லாம் கருவேலம்."

"எந்த மரம்னு யாரும் கேக்கலையே. பச்சை உறுதின்னு எழுதுங்க."

முடியாது என்றேன். வேறு ஆள் எழுதுவார் என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

"இன்னா சொன்னாரு?"

"தண்ணி வராதுக்கா."

தேசம்மா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. செத்த கன்றுகளின் கூண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். "அடுப்புக்காவது ஆவட்டும்." நானும் பிடுங்கினேன். அந்த நான்கை மட்டும் இருவரும் தொடவில்லை.

கண்டதை அப்படியே எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மேடு இப்போதும் கரும்பச்சையாக, வெற்றிக் கதைகளின் கீழ் இருக்கிறது.

போகிறவர்கள் கெட்டியான ஷூ போட்டுக்கொள்ளுங்கள். தொப்பியும் குடிநீரும் கையோடு கொண்டுபோங்கள். இணையதளத்தில் உள்ள அந்தப் படத்தை நம்பி, நிழலில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள்.