ஆன்னா என்று அவர் கேட்டது

பக்கவாதம் வந்ததில் என் கணவருக்கு வலது கையும் காலும் விழுந்துபோயின. அதைவிடப் பேச்சு போனதுதான் எங்களை அதிகம் படுத்தியது. அவருக்கு எல்லாம் புரியும், சொல்ல நினைப்பதும் உள்ளே தெளிவாகவே இருக்கும் என்றார் டாக்டர். வாய்க்கு வரும்போது வேறு சொல்லாக வந்து விழும். தண்ணீர் வேண்டுமென்றால் கதவு என்பார். ஃபேனைக் காட்டிச் சாவி என்பார். நான் கதவைத் திறந்து, சாவியைக் கொண்டுவந்து கொடுத்து, அவர் கோபப்பட்ட பிறகு மறுபடி முதலிலிருந்து கேட்பேன்.

அவர் பெங்களூரில் ஒரு பெரிய ஹோட்டலின் சமையலறையில் வேலை பார்த்தவர். எனக்கு ஒரு கம்பெனியில் சம்பளப் பிரிவில் வேலை. அவர் படுத்த பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டேன். விவேக் நகரில் எங்களுடையது மாடி வீடு. பிள்ளைகள் இல்லை. காலையில் அவரைக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, ஊட்டிவிட்டு நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், மீட்டிங் நடுவே கைத்தடியால் தரையைத் தட்டுவார். எழுந்து போவேன். பாத்ரூமா, தண்ணியா, டிவியா என்று வரிசையாகக் கேட்பேன். திரும்பி வரும்போது திரையில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். சாயங்காலம் ஆனால் எனக்கே பேச்சு குழறும்.

அப்படி ஒரு வாரத்தில்தான் அவர் "ஆன்னா" என்று கேட்க ஆரம்பித்தார். சாப்பாட்டுத் தட்டை வைத்தால் தள்ளிவிட்டு "ஆன்னா" என்பார். தூங்கி எழுந்ததும் "ஆன்னா" என்பார்.

"அண்ணாவா? சந்தாபுரா மாமாவக் கேக்கிறீங்களா?" என்றேன்.

தலையை ஆட்டினார். அது ஆமாவா, இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அவருக்கு ஓர் அண்ணன் உண்டு. ஃபேக்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சந்தாபுராவில் தனியாக இருக்கிறார். என் மாமியார் இறந்த அன்று, கடைசிக் காலத்தில் அம்மாவை யார் பார்த்தார்கள் என்று இருவருக்கும் வார்த்தை தடித்துவிட்டது. அதோடு போக்குவரத்து நின்றது. இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட நான் சொல்லவில்லை. இவருக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ என்று விட்டுவிட்டேன். இப்போது இவரே கேட்கிறாரே என்று போன் போட்டேன்.

"மாமா, இவருக்கு உடம்பு சரியில்ல. பேச்சு வரல. உங்களத்தான் கேக்கிறார்."

"என்னையா?" என்றார்.

"அண்ணா அண்ணாங்கிறார். வேற பேச்சே இல்ல."

"ஞாயித்துக்கிழமை வர்றேம்மா," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஒரு பை நிறையக் கொய்யாப்பழத்தோடு வந்துவிட்டார். படி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் தம்பியின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "கூப்பிட்டியேடா. அது போதும்டா எனக்கு."

இவர் அண்ணனைத் திகைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆன்னா," என்றார் எரிச்சலோடு, சமையலறைப் பக்கம் கையைக் காட்டி.

"இங்கதானேடா இருக்கேன்."

இவர் தடியை ஊன்றி எழுந்தார். நான் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டேன். காலை இழுத்து இழுத்துச் சமையலறைக்கு நடந்து, கூடையிலிருந்து ஓர் உருளைக்கிழங்கை இடது கையால் எடுத்து அண்ணனின் முகத்துக்கு நேராக நீட்டினார். "ஆன்னா!"

அண்ணனின் முகம் சுருங்கியது. "அப்போ இவன் என்னைக் கூப்பிடலையாம்மா?"

இவரை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, ஸிங்க் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியல மாமா. ஒண்ணுமே தெரியல."

அண்ணன் வாசல் பக்கம் திரும்பினார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, வாய்க்கு அருகில் வைத்து, "ஆன்னா, உருளைக்கிழங்கு," என்று சத்தமாகச் சொன்னார். திரையில் ஒரு படம் வந்தது. பூ விரிந்த மாதிரி வட்ட வட்டமாக உருளைக்கிழங்கு வில்லைகள், பொன்னிறத்தில், கேக் போல. இவர் ஸ்டூலைப் படபடவென்று தட்டினார்.

பொம் ஆன்னா. பிரெஞ்சுக்காரர்கள் கறிக்குத் துணையாக வைக்கும் பதார்த்தமாம். ஹோட்டலில் இவர் எத்தனையோ தடவை செய்திருப்பார். வீட்டில் ஒருநாளும் செய்ததில்லை.

"செஞ்சிடலாம்மா. நீ எழுந்திரு," என்றார் அண்ணன்.

அவர் தோல் சீவினார். நான் சிப்ஸ் சீவும் கட்டையில் மெல்லியதாகச் சீவி, கறுக்காமல் இருக்க வழக்கம்போலத் தண்ணீரில் போட்டேன். இவர் "ஏய், ஏய்" என்று கத்தினார். குடிக்கக் கேட்கிறார் என்று தண்ணீர் கொடுத்தேன். டம்ளரைத் தட்டிவிட்டார். அண்ணன்தான் போனில் இருந்ததைப் படித்துச் சொன்னார்: "கழுவவே கூடாதாம்மா. அந்த மாவுதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டவைக்குமாம்." எனக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போய்ப் படுக்கலாம் போலிருந்தது. நனைந்ததைப் பொரியலுக்கு ஒதுக்கிவிட்டு, மறுபடி சீவினேன்.

வெண்ணெயை உருக்கி நுரையை வழித்தேன். சிவந்து நெய்யாகிவிடுவதற்குள் அடுப்பை அணைக்கச் சொல்லிக் கை காட்டினார் இவர். அடி கனத்த இரும்பு வாணலியை அவர் மடிக்கு எதிரே வைத்தோம். வில்லைகளை அவர்தான் அடுக்கினார், இடது கையாலேயே, ஒன்றின் மேல் ஒன்று பாதி படியும்படி. முதல் சுற்று கோணலாகப் போனது. கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினார். ஒவ்வொரு அடுக்கின் மேலும் நான் வெண்ணெய் ஊற்றி, உப்பும் மிளகும் தூவினேன். எதைக் கேட்கிறார் என்று நான் ஊகிக்கத் தேவையில்லாமல் அத்தனை நேரம் அவர் பக்கத்தில் இருந்தது நினைவில் இல்லை.

மூடிபோட்டு அழுத்தி, முதலில் அடுப்பிலும் பிறகு ஓவனிலும் வைத்தோம். வெந்ததும் தட்டில் கவிழ்க்க வேண்டும். அவரைத் தூக்கித் தூக்கி என் மணிக்கட்டு வீங்கியிருந்தது. அண்ணன் துணியைச் சுற்றிப் பிடித்து ஒரே மூச்சில் கவிழ்த்தார். ஓர் ஓரம் கருகியிருந்தது. நடுவில் ஒரு துண்டு வாணலியிலேயே ஒட்டிக்கொண்டது. மற்றபடி படத்தில் இருந்த அதே பூ.

இவர் வெகுநேரம் மென்றார். பிறகு கரண்டியால் ஒரு துண்டை வெட்டி அண்ணன் தட்டில் தள்ளினார்.

"நெய் தோச ஓரம் மாதிரி மொறுமொறுன்னு இருக்குடா," என்றார் அண்ணன். சாப்பிட்டு முடித்ததும் தலையைக் குனிந்தபடியே சொன்னார்: "நீ என்னைக் கூப்பிடலன்னா பரவாயில்ல. நான் வந்தது பிடிக்கலையா, அத மட்டும் சொல்லுடா."

இவர் வாயைத் திறந்தார். உதடு கோணி, ஏதோ வரப் பார்த்தது, வரவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வெண்ணெய்ப் பிசுக்கோடு இருந்த இடது கையை அண்ணனின் மணிக்கட்டில் வைத்தார். எடுக்கவில்லை.

"போய்க் கொஞ்சம் படும்மா. நான் பாத்துக்கிறேன்," என்றார் அண்ணன் என்னிடம்.

பாத்திரமெல்லாம் அப்படியே கிடந்தது. கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். வெளியே தடி தரையில் தட்டும் சத்தம் கேட்டது. எழுந்திருக்கத்தான் உடம்பு முயன்றது. "என்னடா வேணும்? பாத்ரூமா?" என்ற அவர் குரல் கேட்டதும் மறுபடி சாய்ந்துகொண்டேன். எப்போது தூங்கிப்போனேன் என்று தெரியவில்லை.