இரண்டாம் மாடியில் மூட்டுவலி மையம்

இருபது வருடமாக, பிறர் நடத்தும் திட்டங்கள் உருப்படியாக நடக்கின்றனவா என்று மதிப்பிடுவது என் வேலை. "அடுத்தவங்க வேலையில குறை சொல்றதுக்குச் சம்பளமா?" என்பாள் தங்கை.

அந்த வருடம் உடலுழைப்பாளர்களுக்கான இலவச மூட்டுவலி மையத்தை மதிப்பிடும் பொறுப்பு எனக்கு வந்தது. சிகிச்சை எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். மையம் இரண்டாம் மாடியில். மூன்று வாரம் அங்கே உட்கார்ந்து, வந்தவர்களை நாற்பது கேள்வி கேட்டு வறுத்தெடுத்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்குத் திருப்தி. 'அனைவரும் எளிதில் அணுகக்கூடிய சேவை' என்று எழுதி, அந்த வரியை நானே இரண்டு முறை ரசித்துப் படித்தேன்.

அறிக்கையைக் கொடுக்கப் போன அன்று, ஊழியர்களுக்கு மட்டுமான குட்டி லிப்ட் பழுது. தினமும் நான் மேலே போனது அதில்தான். மூச்சு வாங்கப் படியேறினேன். முதல் மாடித் திருப்பத்தில், சந்தையில் மீன் வெட்டும் அக்கா ஒருவர் முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"மேல போகணுமாக்கா?"

"போகணும்தான். நாலாவது தடவையா வரேன், இதுக்கு மேல ஏற முடியல. நீங்க யாரும்மா?"

"இங்க வர்றவங்களைக் கேள்வி கேட்டு எழுதுறவ."

"என்னைக் கேக்கலையே?"

"நீங்கதான் மேல வரலையே."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டார். "முட்டி நல்லா இருக்கிறவங்களாப் பாத்துக் கேட்டிருக்கீங்க!"

அறிக்கையைப் பைக்குள் திணித்தேன். மறுநாள் நாற்காலியைப் படிக்கட்டின் அடியில் போட்டு உட்கார்ந்தேன். எட்டு நாளில் முப்பத்தேழு பேர் பாதியில் திரும்பினார்கள். பெரும்பாலும் நின்றபடியே வேலை செய்யும் பெண்கள். என்ன கேட்பது என்று மீன்கார அக்காவிடமே கேட்டேன். "எத்தனை தடவை திரும்பிப் போனீங்கன்னு கேளுங்க" என்றார். என் நாற்பதில் அது இல்லை.

மையத்தின் மேலாளர் புது அறிக்கையைப் புரட்டினார். "தொண்ணூத்தாறு எங்க மேடம்?"

"மாடியிலேயே இருக்கு சார். அதை எழுதின முட்டாளும் நான்தான்."

அவர் இரண்டு மாதம் முணுமுணுத்தார். பிறகு கீழே இருந்த கோப்பு அறையை மேலே ஏற்றி, மையத்தைக் கீழே இறக்கினார். இடம் முன்னைவிடப் பாதிதான்; வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. போன வாரம் அக்காவைப் பார்த்து, வலி எப்படி என்றேன்.

"கொஞ்சம் தேவலை. ஆனா உக்கார ஒரு பெஞ்சு இல்லம்மா. அதையும் எழுதுங்க."

எழுதிக்கொண்டேன்.