அப்பாவின் கேப்சூல் விரதம்

ஒன்பது வயதில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. எதைத் தெரிந்துகொண்டாலும் அடுத்த நிமிடமே யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அம்மா என்னை முந்திரிக்கொட்டை என்பார். அப்பா அப்படிச் சொல்ல மாட்டார். வேலை முடிந்து வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே, "பாப்பா, இன்னைக்கு என்ன நியூஸ்?" என்று கேட்பார். கடைசியில் அந்தச் செல்லம் அவர் வயிற்றுக்கே வினையாக வந்தது.

அப்போது பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பக்கத்திலேயே ஒரு பேக்டரியில் வேலை. ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும், சாப்பாட்டு நேரமும் கூடவே மாறும். இப்படி வருடக்கணக்கில் ஓடியதில் அவருக்குக் கேஸ்ட்ரிக் வந்துவிட்டது. எங்கள் ஊரில் நெஞ்செரிச்சல், வயிற்று வலி, புளித்த ஏப்பம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர்தான். அரசாங்கக் கிளினிக்கில் டாக்டர் பார்த்துவிட்டு, வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் கேப்சூலை எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டே வாரத்தில் அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. அம்மா ரசத்தில் மறுபடியும் மிளகு தட்டிப் போட ஆரம்பித்தார்.

அந்தச் சமயம் பார்த்துத் தைப்பூச விரதம் தொடங்கியது. அப்பா வருடம் தவறாமல் பால்குடம் எடுப்பவர். நாற்பத்தெட்டு நாளும் வீட்டில் கவிச்சி கிடையாது, முட்டைகூட வாசலைத் தாண்டாது. பள்ளிக்கு எதிரே விற்கும் பொரித்த கோழியைத் தூரத்திலிருந்து மோந்து பார்ப்பதோடு சரி. வேண்டுதல் அவருடையது, பட்டினி மட்டும் என்னுடையதா என்று முருகனிடமே முறையிட்டிருக்கிறேன்.

இப்படி நான் காய்ந்துகொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டு மலாய்த் தோழி வேலியோரம் நின்று ஒரு சேதி சொன்னாள். அவளுடைய அம்மாவை நான் மலாயில் மக்சிக், அதாவது அத்தை என்று கூப்பிடுவேன். மக்சிக்குக் கிளினிக்கில் ஏதோ கேப்சூல் கொடுத்தார்களாம். கேப்சூலின் கூட்டை ஜெலட்டினில் செய்வார்களாம். ஜெலட்டினை மாட்டு எலும்பிலிருந்து எடுப்பார்களாம், சிலசமயம் பன்றியிலிருந்தும் எடுப்பார்களாம். அதனால் மக்சிக் மருந்துக் கவுண்டரில் விசாரித்து வேறு மாத்திரை மாற்றி வாங்கி வந்தாராம். இந்தக் கடைசி வரியையும் நான் கேட்கத்தான் செய்தேன். ஆனால் அதில் எனக்கு ருசியே இல்லை. எனக்குக் கோழிக் கால் கிடையாது, அப்பாவுக்கு மட்டும் தினமும் மாட்டு எலும்பா என்பதிலேயே மனம் நின்றுவிட்டது.

"அம்மா, அப்பா வெரதத்துல மாட்டு எலும்பு சாப்பிடுறாரு" என்று அடுப்படியில் போய் அறிவித்தேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முழு விவரத்தையும் கேட்டார். முழு விவரம் என்பது நான் சொன்ன பாதி. செலண்டார் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த அம்மாவுக்கு ஒரு பொருளை வீணாக்கவே மனம் வராது. கூடுதானே எலும்பு, உள்ளே இருக்கும் மருந்து என்ன பாவம் செய்தது என்று அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மறுநாளிலிருந்து நான் கேப்சூலைப் பிரித்துக் கூட்டை எறிவேன். உள்ளே கசகசா மாதிரிக் குட்டிக் குட்டியாக வெள்ளை மணிகள் இருக்கும். தொண்டையில் உறுத்தக் கூடாதென்று அம்மா அவற்றைக் கரண்டியின் முதுகால் நசுக்கிப் பொடியாக்கி, வெதுவெதுப்பான பாலில் கலந்து அப்பாவிடம் நீட்டுவார்.

"கிளினிக்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாம்லா" என்றார் அப்பா.

"எலும்புன்னு தெரிஞ்ச பெறகும் முழுங்குவீங்களா?" என்றார் அம்மா. அப்பா பாலைக் குடித்துவிட்டார்.

பத்து நாளில் எரிச்சல் திரும்பிவிட்டது. அப்பா வெளியே சொல்லவில்லை, விரதம் என்றால் முருகன் சோதிக்கத்தான் செய்வார் என்று நினைத்திருக்கிறார். இரண்டு வாய் சோற்றோடு எழுந்துவிடுவார். படுத்தால் நெஞ்சு வரை புளித்துக்கொண்டு வருகிறதென்று சோபாவில் சாய்ந்தே தூங்கினார். அம்மா பாலை இன்னும் கொஞ்சம் கூட்டி ஊற்றினார்.

ஒரு நாள் காலை ஷிப்ட் முடிந்து வந்தவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார், ஆனால் இறங்கவில்லை. மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில் மேல் கவிழ்ந்து கிடந்தார். முகமெல்லாம் வியர்வை. அன்றைக்கு என்ன நியூஸ் என்று அவர் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அப்பா செத்துப்போய்விடுவார் என்றே நினைத்தேன். மக்சிக் வீட்டுக் காரில்தான் கிளினிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அம்மா, "இந்த வருசம் பால்குடம் வேணாங்க" என்றார். "வேண்டிக்கிட்டத எப்படி விடுறது?" என்று அப்பா முனகிக்கொண்டே வந்தார்.

டாக்டர் முதலில் நெஞ்சைப் பரிசோதித்து இதயத்தில் கோளாறு இல்லை என்று பார்த்துக்கொண்டார். வாந்தியில் ரத்தம் வந்ததா, மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டார். இல்லை என்றதும், அப்படி எப்போது வந்தாலும் வீட்டில் உட்கார்ந்திருக்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்றார். நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த மருந்து ஏன் திடீரென்று கேட்காமல் போனது என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. எப்படிச் சாப்பிடுகிறார் என்று விசாரிக்கச் சொல்லி எங்களை மருந்துக் கவுண்டருக்கு அனுப்பினார். அங்கே இருந்தது ஒரு தமிழ் அக்கா.

"எப்படிச் சாப்பிடுறீங்கண்ணே, செஞ்சு காட்டுங்க" என்றார்.

அம்மாதான் செய்து காட்டினார். கையில் இல்லாத கேப்சூலைப் பிரித்து, இல்லாத கரண்டியால் நசுக்கி, இல்லாத பாலில் கலக்கினார். நசுக்கும் இடம் வந்ததும் அந்த அக்கா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அம்மாவிடம் சொன்னார்:

"அக்கா, அந்த ஒவ்வொரு மணிக்கும் மேல ஒரு பூச்சு இருக்கு. வயித்து அமிலம் மருந்தக் கெடுத்துடாம, குடல் வரைக்கும் காப்பாத்திக் கொண்டுபோறதே அந்தப் பூச்சுதான். நசுக்கிட்டா அது போச்சு. அண்ணன் இவ்வளவு நாளா வெறும் பாலத்தான் குடிச்சிருக்காரு."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கோ என் சேதியின் கதி தெரிந்தாக வேண்டும். "அப்ப எலும்பு?" என்று கேட்டேன்.

"அது உண்மைதான் பாப்பா. நெறையப் பேரு அதக் கேட்டு வராங்க. கேட்டா, டாக்டர்கிட்ட பேசி, கூடு இல்லாத மாத்திரையா மாத்திக் குடுப்போம். அஞ்சு நிமிச வேலைலா." பிறகு எங்கள் மூவரையும் பார்த்து, "யாரு இப்படிச் செய்யச் சொன்னது?" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தார். என் பெயரைத்தான் சொல்லப்போகிறார் என்று நான் நிமிர்ந்து நின்றேன்.

"நான்தாம்மா" என்றார் அப்பா. "பேக்டரில யாரோ எலும்புன்னு சொன்னாங்க. நானாத்தான் நசுக்கித் தரச் சொன்னேன்."

அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்தது சரியான அர்ச்சனை. முழுசாக முழுங்க வேண்டும், நசுக்கக் கூடாது, மெல்லக் கூடாது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். வலி நின்றதென்று பாதியில் விடக் கூடாது, நன்றாக இருக்கிறதென்று எட்டு வாரத்துக்கு மேல் தானாக வாங்கிச் சாப்பிடவும் கூடாது. எதை மாற்றுவதானாலும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். "சாமி உங்ககிட்ட வெரதம்தானே கேட்டாரு, வயித்தையா கேட்டாரு?" என்றார் அந்த அக்கா. வீட்டுப்பாடம் எழுதாத பையனைப் போல அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

எனக்கு உள்ளே கொதித்தது. நான் கண்டுபிடித்த சேதி. உண்மைதான் என்று கவுண்டர் அக்காவே ஒப்புக்கொண்ட சேதி. அதைப் போய் பேக்டரியில் யாரோ சொன்னதென்று தாரைவார்த்துவிட்டாரே. வீடு வந்து சேரும் வரை நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் அப்பா, "பாப்பா, இன்னைக்கு என்ன நியூஸ்?" என்று கேட்டபோது, "ஒங்க பேக்டரி ஆளுங்ககிட்டயே கேட்டுக்குங்க" என்றேன். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவும் சிரித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புது மாத்திரை வேலை செய்தது. கொஞ்சம் கொஞ்சமாக மூன்று வேளை சாப்பிட வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. முருகன் அதற்கு ஆட்சேபம் சொல்லவில்லை. தைப்பூசத்தன்று அப்பா தலையில் பால்குடத்தோடு ஒரு சொட்டும் சிந்தாமல் நடந்தார். கோபம் தீராததால் நான் நாலடி தள்ளியே நடந்தேன்.

விரதம் முடிந்த மறுநாள் அப்பா எனக்கென்று இரண்டு பெரிய கோழிக் கால் வாங்கி வந்தார். இரண்டையும் தின்று முடித்துவிட்டு, போனால் போகிறதென்று அவரை மன்னித்தேன்.