எத்தன டன்னு ஏத்துவீங்க?

எங்கள் அம்பாசிடர் பழைய இரும்புக்கு எடை போடப்படாமல் இருக்க என் வீட்டுக்காரர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். அரியலூரில் இருக்கும் அவருடைய அம்மாவை அதில் பெரம்பலூருக்குக் கூட்டி வர வேண்டும். வந்து இறங்கும்போது அவர் காரைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லக் கூடாது. என் மாமியார் முதுகுவலிக்காரர். வலியில்லாத நாளிலும் குறை சொல்வதில் குறை வைக்காதவர். இருந்தும் சரி என்றேன். பள்ளிக்கூடத்தில் விசையும் வில்லும் நடத்துகிறவள் நான். நாலு இரும்புப் பட்டைகளிடமா தோற்பேன்?

காரின் பின்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வில் பட்டைகள்தான் மேடுபள்ளத்தைத் தாங்க வேண்டும். எங்கள் காரில் அவை வளைவெல்லாம் போய் நீட்டிப் படுத்துவிட்டன. ஒன்று உடைந்தும் இருந்தது. புதுசுக்குக் கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு, "யோசிச்சுட்டு வரேங்க" என்று எழுந்து வந்துவிட்டேன். யோசித்ததில், நாமே செய்துகொள்ளலாம் என்று முடிவாயிற்று.

பட்டைகளின் முனையில் இருக்கும் வளையத்துக்குள் வைக்கும் ரப்பர் புஷ்ஷை நானே செய்தேன். ஆலத்தியூர் பக்கம் ஒரு காயலான் கடையில், சுண்ணாம்புக்கல் சுமந்து தேய்ந்த கன்வேயர் பெல்ட் துண்டு கிடைத்தது. அதை வட்டம் வட்டமாக வெட்டி, நடுவில் துளை போட்டு, அடுக்கிச் சொருகினேன். அதில் சமையலறைக் கத்திகள் இரண்டு வீணாயின. அதை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

பட்டை அடிக்க அரியலூர் சாலையோரப் பட்டறைக்குப் போனேன். காலமெல்லாம் கல் லாரிகளுக்கே பட்டை அடித்தவர் அந்தப் பட்டறைக்காரர். சின்ன லோடு வண்டியில் கழற்றிய பட்டைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டே கேட்டார்.

"எத்தன டன்னு ஏத்துவீங்க?"

"எங்க மாமியார் ஒருத்தரத்தாங்க."

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஒரு பட்டை சேத்தே போட்டுடறேங்க. பின்னாடி நம்மள ஒரு சொல்லு சொல்லக் கூடாது பாருங்க."

நானும் தலையாட்டினேன். கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்றுதான் நினைத்தேன். அறிவியல் டீச்சர்!

அப்போது குன்னத்தில் எங்கள் காட்டில் சின்ன வெங்காயம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். போகிற வழிதானே என்று டிக்கியில் இரண்டு மூட்டை, பின்சீட்டில் ஒரு மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தேன். லாரிகள் உழுதுபோட்ட அந்தச் சாலையில் கார் வெண்ணெய் மாதிரி வந்தது. வாசலில் நிறுத்தி, "ஞாயித்துக்கிழம அத்தையக் கூட்டியாந்துடலாங்க" என்று அறிவித்தேன்.

மறுநாள் மூட்டைகளை இறக்கிவிட்டு வீட்டுக்காரரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். முதல் வேகத்தடையிலேயே கார் கன்றுக்குட்டி மாதிரி பின்னங்காலைத் தூக்கியது. அவர் தலை கூரையில் மோதியது. மண்டையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "எங்கம்மாவோட மூணு மூட்ட வெங்காயத்தையும் சேத்து ஏத்திக்க. சரியாப் போவும்."

அவர் கேலிதான் செய்தார். எனக்கோ சுருக்கென்றது. நேற்று காரைக் குலுங்காமல் ஓடவைத்தது வெங்காயத்தின் பாரம். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. காரை அப்படியே திருப்பிப் பட்டறைக்கு விட்டேன்.

"ரெண்டு பட்டையக் கழட்டுங்க."

"தாங்காதுங்க. கழட்டறதுக்கா இம்புட்டு அடிச்சேன்?" பட்டறைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது.

பேசிப் பயனில்லை. "செத்த உக்காருங்க" என்று அவரைப் பின்சீட்டில் ஏற்றி, ஆத்திரம் தீர ஒரு சுற்று ஓட்டினேன். திரும்பி வந்து இறங்கியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஸ்பானரை எடுத்தார். நான் கேட்ட இரண்டோடு, அவர் சேர்த்துப் போட்ட அந்த ஒன்றையும் கழற்றிவிட்டார். மிச்சப் பட்டைகளின் இடையே கிரீஸ் தடவி இறுக்கிக் கொடுத்தார். காலி காரை ஓட்டிப் பார்த்தேன். தூக்கிப் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் பின்சீட்டில் ஏறினார். மடியில் புளிக்குழம்புத் தூக்கு. அவர் மகன் முன்சீட்டில் நீதிபதி மாதிரி உட்கார்ந்துகொண்டார். இந்தக் காரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு "அம்மாடி"யை எதிர்பார்த்தேன். பின்னாலிருந்து சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்க்கவும் தைரியம் வரவில்லை.

பெரம்பலூரில் எங்கள் வாசலில் காரை நிறுத்தி, கதவைத் திறந்தேன். மாமியார் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டதும் விழித்தார்.

"ஏம்மா, குன்னம் இன்னும் வரலியா?"

"வூடே வந்துடுச்சு அத்தை."

அவர் மடியில் இருந்த தூக்கை எடுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. வீட்டுக்காரர் இறங்கிப் பின்பக்கம் போனார். டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னியைக்கூடத் தூக்கிப் பார்த்தார். வெங்காயச் சருகைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை.