தொண்ணூற்றிரண்டு மாத்திரைகள்

2006 ஜனவரி 17, செவ்வாய்க்கிழமை, காலை மணி எட்டு. புதுப்பட்டினத்தில் பனி இன்னும் விலகவில்லை, தெருமுனை தெரியவில்லை. அந்த நேரத்துக்கு விழுங்க வேண்டிய மாத்திரையை நான் விழுங்கவில்லை. உடம்பில் எந்த வலியும் இல்லை. ஆனால் என் நோய் திரும்ப ஆரம்பித்தது அந்த நிமிடத்தில்தான்.

எனக்கு அப்போது அறுபத்தாறு வயது. முப்பத்தோரு வருடம் ஸ்டோர் கீப்பராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1998இல் இடுப்பைச் சுற்றி அக்கி (நரம்பின் வழியே வரும் கொப்புளங்கள்) வந்து, அதற்காக ரத்தம் எடுத்தபோது எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. எப்படி வந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. வந்த வழி எதுவாக இருந்தாலும் மருந்து ஒன்றுதான். மனைவி அதற்கு இரண்டு வருடம் முன்பே சிறுநீரகக் கோளாறில் இறந்துவிட்டாள். ஒரே மகள் அமெரிக்காவில். அவளுக்கு நான் சொல்லவில்லை.

2004 கடைசியிலிருந்து அரசு மருத்துவமனையில் இலவசக் கூட்டு மருந்து (மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை) வாங்கினேன். காலை எட்டுக்கு ஒன்று, மாலை எட்டுக்கு ஒன்று. ஒவ்வொரு மாதமும் மிச்ச மாத்திரையைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அங்கே எண்ணிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். பதினான்கு மாதத்தில் என் பக்கத்தில் ஒரு மாத்திரைகூடக் கூடியதில்லை, குறைந்ததில்லை. சி.டி.4 (நோயைத் தடுக்கும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை) 388இல் நின்றது.

மகளுக்குப் பிரசவம் என்றால் தாய் போக வேண்டும். தாய் இல்லாததால் நான் போக வேண்டியதாயிற்று. அந்நாளில் எச்.ஐ.வி. உள்ளவர்களை அமெரிக்கா உள்ளே விடாது. விசா படிவத்தில் தொற்றுநோய் உண்டா என்ற கேள்வி இருந்தது. இல்லை என்று குறித்தேன். நேர்காணலில் என் ஓய்வூதியத்தைப் பற்றி மட்டும் கேட்டார்கள்.

மாத்திரையை எடுத்துப்போவதா என்பதுதான் பிறகு நாள் முழுக்க யோசனை. பக்கத்துத் தெருவில் இருந்த பழைய சக ஊழியர் அப்போதுதான் அமெரிக்காவில் மகன் வீட்டிலிருந்து திரும்பியிருந்தார். என் நோய் அவருக்குத் தெரியாது. ஊறுகாய் எடுத்துப்போகலாமா என்று கேட்பதுபோல் அவரிடம் விசாரித்தேன்.

“ஏர்போர்ட்டுல பொட்டியத் தொறந்து புளியக்கூட மோந்து பாக்கறான் மச்சான். என் சக்கரை மாத்திரைய கையில வெச்சிகினு இது இன்னாத்துக்கு, அது இன்னாத்துக்குன்னு அரை மணி நேரம்” என்றார்.

அன்றே முடிவு செய்தேன். மருத்துவரிடம் திருநெல்வேலியில் தம்பி வீட்டுக்குப் போவதாகச் சொல்லி, இரண்டு மாதத்துக்கு நூற்றிருபது மாத்திரை வாங்கி, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு அந்த 17ஆம் தேதி புறப்பட்டேன். கொஞ்ச நாள் நிறுத்தினால் கிருமி என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

ஜனவரி 31 அன்று பேரன் பிறந்தான். மூன்று கிலோ இருநூறு. வெளியே பனி முழங்கால் அளவு. காலை எட்டு மணியானால் என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். “இன்னாப்பா தேடினே இருக்க?” என்று மகள் கேட்டாள். பேனா என்றேன். பேனா காதிலேயே செருகியிருந்ததைச் சொல்லிச் சிரித்தாள்.

மாத்திரையை நிறுத்திய முப்பத்தோராம் நாள் காய்ச்சல் வந்தது. மார்பில் சிவப்புத் தடிப்பு. மருத்துவரிடம் போகலாம் என்று மகள் காரை எடுத்தாள். எனக்கு எடுத்திருந்த பயணக் காப்பீடு, முன்பே உள்ள நோய்க்குப் பணம் தராது. ஆனால் பயந்தது அதற்கில்லை. போனால் ரத்தம் எடுப்பார்கள். என்னைத் திருப்பி அனுப்புவார்கள். அவளுடைய குடியுரிமை விண்ணப்பத்திலும் அது ஏறும் என்று நினைத்தேன். அப்படி ஏறுமா என்று யாரிடம் கேட்பது? குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து குழந்தையை நான் தூக்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு வந்தவன், டிக்கெட்டை முன்னதாக மாற்றினேன். மகள் என் பெட்டியை அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: “கொழந்த அழுவறது உனக்குப் பேஜாரா இருக்காப்பா?”

நான் சட்டைப்பையில் டிக்கெட்டைத் தேடினேன்.

மார்ச் 4 சனிக்கிழமை வீட்டுக்கு வந்தேன். உடனே மாத்திரையை மறுபடி தொடங்கினேன். காய்ச்சல் அடங்கியது. அடுத்த வாரம் மருத்துவமனைக்குக் கணக்குக் காட்ட வேண்டும். நாற்பத்தாறு நாள், தொண்ணூற்றிரண்டு மாத்திரை அதிகம் இருந்தது. கிடங்கில் இருப்பு கூடினாலும் தவறுதான், குறைந்தாலும் தவறுதான். நான் வேலை செய்த இடத்தில் அப்படித்தான். தொண்ணூற்றிரண்டையும் எண்ணி ஒரு பையில் போட்டுக் கடற்கரைக்குப் போய், அலையில் கைப்பிடி கைப்பிடியாக வீசினேன். வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

“இன்னா நைனா, கடலுக்கு ஒடம்பு செரியில்லையா?”

மருத்துவமனையில் இருப்பு சரியாக இருந்தது.

ஜூனில் சி.டி.4 171. மருத்துவர் பதிவேட்டைப் புரட்டினார். ஒரு மாத்திரையும் தவறவில்லை. அப்படியானால் ஏன் குறைய வேண்டும்? காசநோய் இருக்கலாம் என்று சளி, எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் என்று நான்கு மாதம் தேடினார். மற்ற நோயாளிகளை உட்கார வைத்துவிட்டு என் தாள்களைப் பார்ப்பார். அக்டோபரில்தான் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “எங்கிட்ட கணக்க சரி பண்ணிட்டீங்க பெரியவரே. ரத்தத்துல எப்படிப் பண்ணுவீங்க?”

பிறகு விளக்கினார். மூன்று மருந்தையும் ஒரே நாளில் நிறுத்தினாலும் அதில் ஒன்று மட்டும் பல நாள் உடம்பில் தங்கும். தனியாக நிற்கும் அந்த மருந்துக்குக் கிருமி பழகிவிடும். போகும் முன் சொல்லியிருந்தால் அதற்கு ஒரு வழி செய்திருக்கலாம் என்றார். இனி அந்த மாத்திரை எனக்கு வேலை செய்யாது. இரண்டாம் கட்ட மருந்து அப்போது இலவசம் இல்லை. இருபத்தாறு மாதம் வெளியில் வாங்கினேன், பிறகு அதுவும் இலவசமானது. இப்போது சி.டி.4 340.

இதைப் படிப்பவர்களில் யாராவது வெளிநாடு புறப்பட்டுக்கொண்டிருந்தால்: அந்த நாட்டின் சட்டத்தை முன்கூட்டியே விசாரியுங்கள். மருந்தை அதன் சொந்தக் குப்பியில், மருத்துவரின் கடிதத்தோடு வையுங்கள். கொண்டுபோக முடியாத இடமென்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு முடிவெடுங்கள். அவரிடம் மட்டுமாவது பொய் சொல்லாதீர்கள்.

இந்த 2009 நவம்பரில், அமெரிக்கா அந்தத் தடையை நீக்கப்போவதாகச் செய்தித்தாளில் வந்தது. நான்கு முறை படித்தேன். ஞாயிற்றுக்கிழமை மகளுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன்.

“காய்ச்சல் வந்தப்புறம் அவனத் தொடாம இருந்தியே, இதுக்கா?”

ஆமாம் என்றேன்.

“தொட்டா ஒட்டாதுப்பா. உனக்குத் தெரியாதா?”

தெரியும். 1998இல் முதல் நாளே மருத்துவர் சொன்னார். பதினோரு வருடமாகத் தெரியும். இருந்தும் அறையின் மறுகோடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

கூப்பிடுகிறாள். எழுபது வயதுக்காரனுக்குப் பயணக் காப்பீடு கிடைப்பதே கஷ்டம். என் முழங்கால் வேறு. போவேனா என்று தெரியாது. முன்பு மாதத்தை எண்ணுவேன். இப்போது ஓர் எட்டு மணிக்கும் அடுத்த எட்டு மணிக்கும் இடையே பன்னிரண்டு மணி நேரம், அவ்வளவுதான் என் காலம். உடம்பை என்னுடையது என்று நினைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் திறந்து உண்மையான இருப்பைக் காட்ட வேண்டிய இடமாகவே அதை நினைக்கிறேன்.

பேரனைத் தூக்கியது பதினாறு நாள். விமான டிக்கெட், தேதி மாற்றியது, சோதனைகள், இருபத்தாறு மாத மருந்து எல்லாம் சேர்த்து 2,79,350 ரூபாய்.