ஜெஞ்சாரோமுக்கு ஏழு லிட்டர்

2024 மார்ச் 10, ஞாயிறு, காலை 7.25. மழை அப்போதுதான் விட்டிருந்தது. பிரிக்பீல்ட்ஸ் பெட்ரோல் நிலையத்தில் என் மனைவியின் தம்பி என் காரின் பின்பக்கத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். உலுக்கினால் டேங்க்குக்குள் அடைபட்ட காற்று வெளியேறி, இன்னும் அரை லிட்டர் பிடிக்குமாம். வயது ஐம்பத்தைந்து. பட்டம் வேறு வாங்கியிருக்கிறான்.

பின்னால் மோட்டார் சைக்கிளில் காத்திருந்தவர் கேட்டார்: "அண்ணே, உலுக்குனா மாங்கா விழுமா லா?"

அடுத்ததாக, சிகரெட் பற்றவைக்கும் துளையில் ஒரு கருவியைச் செருகினான். விலை எண்பத்தொன்பது ரிங்கிட். பச்சை விளக்கு எரிந்தால் பெட்ரோல் மிச்சமாகிறது என்று பொருளாம்.

"எப்படிடா?"

"அது உள்ளுக்குள்ள வேலை செய்யும் மாமா."

"லைட்டுக்குக் கரண்ட் எங்கேருந்து வருது? உன் சட்டைப் பையிலேருந்தா?"

ஒரு நிமிடத்தில் பிடுங்கி அவன் கையிலேயே கொடுத்தேன். மிச்சப்படுத்துவது ஓட்டுகிறவனின் கால், கருவியல்ல. ஜெஞ்சாரோமில் முழங்கால் அறுவை செய்துகொண்ட தங்கையைப் பார்க்க என் மனைவி ஞாயிறுதோறும் போவாள். போக வர 112 கிலோமீட்டர், ஒன்பதரை லிட்டர். அதை ஏழு லிட்டருக்குள் ஓட்டிக் காட்டுகிறேன், தோற்றால் அந்தப் பச்சை விளக்கை நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். மனைவி முன்சீட்டில் இருந்தாள்; சாட்சிக்கு அவனும் ஏறினான்.

டயர்களில் காற்று சரியாக இருந்தது. காரின் பின்னால் சாமான் வைக்கும் பூட்டிலிருந்து 23 கிலோவை வீட்டிலேயே இறக்கியிருந்தேன். எண்பதைத் தாண்டவில்லை. சிவப்பு விளக்கு தூரத்தில் தெரிந்ததுமே எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தேன். 41 கார்கள் என்னை முந்தின, ஆறு பேர் ஹாரன் அடித்தார்கள். அத்தனை அவசரக்காரர்களும் டோல் சாவடியில் எனக்கு நாலு கார் முன்னால் நின்றார்கள்.

"ஏங்க, ஏர்கோன் போடுங்க. பவுடர் எல்லாம் கழுத்துக்கு வந்துருச்சு."

"சன்னல எறக்கிக்கோ. கால்வாசிதான். முழுசா எறக்குனா காத்து காரைப் பின்னால இழுக்கும்."

ஜெஞ்சாரோமில் இறங்கியதும் அவள் பூட்டைத் திறந்தாள். தங்கைக்கென்று வைத்திருந்த பத்துக் கிலோ அரிசிப் பை அங்கே இல்லை; இறக்கிய 23 கிலோவில் அதுவும் அடக்கம். அந்தத் தெருவிலேயே அரிசி விற்கும் மூன்று கடைகளைக் காட்டினேன்.

"கடையில அரிசி விப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? வெறுங்கையோட கொண்டாந்து நிறுத்திட்டீங்களே! அடுத்த வாரம் என்னையும் எறக்கி வச்சிட்டு ஓட்டுங்க. அறுபத்துநாலு கிலோ மிச்சம்."

அடுத்த வாரம் வரைகூடக் காத்திருக்கவில்லை. திரும்பும்போது கைப்பேசியில் வாடகைக் கார் ஒன்றை அழைத்து ஏறிக்கொண்டாள். சாட்சியும் குளிர்ச்சியைத் தேடி அவளோடு போய்விட்டான்.

அதே பெட்ரோல் நிலையம், அதே பம்பு, உலுக்கல் இல்லை. 6.94 லிட்டர் பிடித்தது. அவர்கள் பாரம் குறைந்ததும் உதவியிருக்கும். இறங்கச் சொன்னது நானல்ல. மிச்சம் 5 ரிங்கிட் 25 சென். எனக்கு இருபது நிமிடம் முன்னதாக வந்து காத்திருந்தவன் மீட்டரைப் பார்த்துக் கை தட்டினான்.

"பாத்தீங்களா மாமா! ஒரு நிமிஷம் செருகுனதுக்கே இப்படின்னா!"

அவனிடம் பேசுவதை அத்தோடு நிறுத்திக்கொண்டேன். அவள் என் காரில் ஏறுவதை நிறுத்திவிட்டாள். வாடகைக் கார் ஓட்டுநர் நூற்றுப்பத்தில் பறக்கிறார், ஏர்கோனில் பல் கிட்டுகிறது என்று வந்து பெருமையாகச் சொல்வாள். கட்டணம் மட்டும் என் அட்டையில். தங்கையின் முழங்கால் தேற இன்னும் பதினொரு ஞாயிறு ஆனது. மொத்தம் 1,386 ரிங்கிட் 40 சென்.